தேடினாலும் கிடைக்காத தளம்: புதிய இணையத்தளங்கள் பின்வரிசையில் நிற்பது ஏன்?

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாகக் கற்கும் நானும் என் தோழியர் மூவரும் சென்ற ஆண்டு விடுமுறையில் ஓர் இணையத்தளத்தை உருவாக்கினோம். கிண்ணியாவிலுள்ள என் உம்மம்மாவிடமும் அவரது வயதையொத்த சில பெண்களிடமும் கேட்டு எழுதிய கவிகள், தாலாட்டுகள், விடுகதைகள் அதில் இடம்பெற்றன. தளம் தயாரான அன்று உம்மம்மாவிடம் கைபேசியில் காட்டினேன்.

"என்ட கவியெல்லாம் இதுக்குள்ள கிடக்கா புள்ள? அப்ப எந்த ஊர்ல இருந்து தேடினாலும் கிடைக்குமா?" என்று கேட்டார்.

"கிடைக்கும் உம்மம்மா" என்றேன்.

அன்றிரவே கூகுளில் தேடினேன். கிடைக்கவில்லை. ஒரு மாதம் கழிந்தும் கிடைக்கவில்லை. உம்மம்மாவுக்குச் சொன்ன வார்த்தை பொய்யாகிவிடுமோ என்ற கவலையில் இதற்கான காரணங்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அவ்வாறு அறிந்தவற்றையே இங்கு பகிர்ந்துகொள்கின்றேன்.

தேடுபொறி செய்யும் மூன்று வேலைகள்

நாம் ஒரு சொல்லைத் தட்டியதும் தேடுபொறி அந்த நொடியில் இணையம் முழுவதையும் புரட்டிப் பார்க்கிறது என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவல்ல. அது மூன்று வேலைகளைச் செய்கிறது; அவற்றில் முதலிரண்டையும் முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறது.

முதலாவது, தேடித் திரிதல். 'வலைச்சிலந்தி' எனப்படும் மென்பொருள், ஒரு பக்கத்திலுள்ள இணைப்பைப் பிடித்து அடுத்த பக்கத்துக்கும், அங்கிருந்து இன்னொன்றுக்கும் செல்கிறது. இரண்டாவது, அடைவுபடுத்தல். கண்ட பக்கங்களில் எந்தச் சொல் எங்கே உள்ளது என்பதை, நூலின் இறுதியில் வரும் சொல்லடைவு போலக் குறித்து வைக்கிறது. மூன்றாவது, வரிசைப்படுத்தல். நாம் தேடும்போது அந்த அடைவிலிருந்து பொருத்தமானவற்றை எடுத்து, எது முதலில், எது பின்னர் என்று முடிவு செய்கிறது.

புதிய தளம் இம்மூன்றில் எந்தப் படியிலும் தடுக்கி விழலாம். எங்கள் தளம் மூன்றிலுமே விழுந்தது.

கதவை நாமே பூட்டியிருந்தோம்

இணையத்தளம் வைத்திருப்பவர், 'இப்பக்கத்தை அடைவில் சேர்க்க வேண்டாம்' என்று தேடுபொறிக்குச் சொல்ல வழியுண்டு. தளத்தைக் கட்டும் காலத்தில், அரைகுறையாக யாரும் பார்க்க வேண்டாமென்று நான்தான் அந்தப் பெட்டியில் அடையாளமிட்டேன். வேலை முடிந்ததும் அதை நீக்க மறந்துவிட்டேன். வாசலில் 'உள்ளே வராதீர்' என்று எழுதிவிட்டு, விருந்தாளி வரவில்லையே என்று கவலைப்பட்ட கதைதான் இது.

அதை நீக்கியதோடு, பக்கங்களின் பட்டியலான தளவரைபடத்தையும் தயாரித்து, கூகுள் இலவசமாக வழங்கும் 'சேர்ச் கன்சோல்' மூலம் சமர்ப்பித்தோம். அதன் பின்னரும் உடனே பலன் கிடைப்பதில்லை. ஒரு புதிய பக்கம் அடைவில் சேரச் சில நாட்களும் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம்.

பாமினி என்ற திரை

அடுத்த தடை நம் மொழியோடு தொடர்புடையது. வினாத்தாள் முதல் கல்யாண அழைப்பிதழ் வரை பலவற்றை நாம் பாமினி எழுத்துருவிலேயே தட்டச்சு செய்து பழகியிருக்கிறோம். பாமினியில் 'அம்மா' என்று தட்டும்போது நம் கண்ணுக்குத் தமிழ் தெரிகிறது. கணினியோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கில விசைக்குறிகளையே சேமித்து வைக்கிறது. அவற்றின் மேல் தமிழ் வடிவம் போர்த்தப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். உலகில் யாரேனும் 'அம்மா' என்று தேடினால் அந்தப் பக்கம் எப்படி அகப்படும்?

1991 இல் வெளிவந்த யுனிகோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடமிருந்தது. யுனிகோட்டில் 'அ' என்பது எந்நாட்டுக் கணினியிலும் 'அ' தான். நாங்கள் பழைய சஞ்சிகைகளிலிருந்து எடுத்த பாமினிப் பக்கங்களை யுனிகோட்டுக்கு மாற்றினோம். கவிகளைக் கொப்பியில் எழுதிப் படம்பிடித்துப் போட்டிருந்த பக்கங்களையும் மீண்டும் தட்டச்சு செய்தோம். படத்திலுள்ள கையெழுத்தைத் தேடுபொறி நம்மைப் போல் வாசிக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

ஊரின் பெயரிலும் கவனம் வேண்டியிருந்தது. திருகோணமலை, திருக்கோணமலை, திருமலை என மூன்று விதமாகவும் மக்கள் தேடுகின்றனர். நாங்கள் எல்லா இடத்திலும் 'திருமலை' என்று மட்டுமே எழுதியிருந்தோம்.

அறியப்படாத அறிவிப்பாளர்

இவ்வளவும் செய்த பின் எங்கள் தளம் அடைவில் சேர்ந்தது. ஆனால் 'நாட்டார் பாடல்' என்று தேடினால் பல பக்கங்கள் தாண்டியும் அதைக் காணவில்லை. இங்கேதான் மூன்றாவது வேலையான வரிசைப்படுத்தல் வருகிறது.

ஆரம்பகாலத் தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கத்திலுள்ள சொற்களையே பார்த்தன. அதனால் ஒரே சொல்லை நூறு தடவை எழுதி முன்வரிசைக்கு வந்தவர்களும் இருந்தனர். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர்களான லாரி பேஜ், செர்ஜி பிரின் ஆகியோர் வேறொரு வழியைக் கண்டனர். ஓர் ஆய்வுக் கட்டுரையை எத்தனை ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டுகிறார்களோ அந்தளவுக்கு அதற்கு மதிப்பு ஏறுவது போல, ஒரு பக்கத்துக்குப் பிற பக்கங்கள் கொடுக்கும் இணைப்புகளை அவர்கள் சாட்சியாகக் கொண்டனர். சாட்சி சொல்பவர் மதிப்புள்ளவரானால் சாட்சியின் மதிப்பும் கூடும். 'பேஜ் ராங்க்' எனப்படும் இம்முறையோடு 1998 இல் கூகுள் நிறுவனம் தொடங்கியது. இன்று வேறு பல அளவுகோல்களும் சேர்ந்துவிட்டன. எனினும் பிறரது சாட்சிக்கு இன்னும் இடமுண்டு.

இதைப் படித்தபோது இஸ்லாம் பாடத்தில் கற்ற ஹதீஸ் கலை நினைவுக்கு வந்தது. ஓர் ஹதீஸின் வாசகத்தை மட்டும் அறிஞர்கள் பார்ப்பதில்லை. யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற இஸ்னாத் எனும் அறிவிப்பாளர் தொடரையும் ஆராய்கின்றனர். தொடரில் நிலை அறியப்படாத ஒருவர் இருந்தால் அவரை 'மஜ்ஹூல்' என்பர். அவர் பொய்யர் என்பது அதன் பொருளல்ல. அறிந்தவர்கள் அவரைப் பற்றிச் சொல்லும் வரை அவரது அறிவிப்பு நிறுத்தி வைக்கப்படுகிறது.

புதிய இணையத்தளமும் தேடுபொறியின் பார்வையில் ஒரு மஜ்ஹூல்தான். அதைத் தேடுபொறி வெறுக்கவில்லை, தண்டிக்கவுமில்லை. அதை அறிந்தவர் எவரும் இன்னும் வாய் திறக்கவில்லை.

நம் துறைமுகம் சொல்லும் பாடம்

நமது துறைமுகம் உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று. ஆழமும் இயற்கையான பாதுகாப்பும் கொண்டது. கொழும்புக்கோ அலைதடுப்புச் சுவர் கட்ட வேண்டியிருந்தது. 1875 இல் வேல்ஸ் இளவரசர் அதற்கு அடிக்கல் நாட்டினார். அதுவரை நீராவிக் கப்பல்கள் காலியையே பெரிதும் நாடின. ஆனால் இன்று கொள்கலன் கப்பல்கள் திரள்வது கொழும்பில்தான். வீதியும் புகையிரதமும் கடல்வழிகளும் அங்கே கூடின. ஒரு கப்பல் இறக்கும் பொதியை இன்னொரு கப்பல் ஏற்றிச் செல்ல முடிவதால் கப்பல் இருக்கும் இடத்துக்கே கப்பல் வருகிறது. ஆழம் மட்டும் போதாது, தொடர்பும் வேண்டும். இணையத்தளத்துக்கும் இது பொருந்தும்.

தொடர்பு ஒரு நாளில் வருவதில்லை. 2003 இல் தமிழ் விக்கிப்பீடியாவை எழுதி வளர்க்க முன்னின்றவர் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன். 2005 இல் தொடங்கிய 'நூலகம்' திட்டம் இலங்கைத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் ஒவ்வொன்றாக மின்வடிவில் சேர்த்தது. இன்று அவை நாம் தேடும்போது முன்னே வந்து நிற்பதற்குப் பின்னால் பல ஆண்டு உழைப்பு இருக்கிறது.

பெற்றோரின் கவனத்துக்கு

'பணம் தாருங்கள், கூகுளில் முதலிடம் வாங்கித் தருகிறோம்' என்று சிலர் சொல்வதுண்டு. முதலிடத்துக்கு எவராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எச்சரிக்கிறது. விளம்பரத்துக்குப் பணம் கட்டலாம். அது விளம்பரம் என்ற அடையாளத்துடன் தனியே தோன்றும். காசு கொடுத்து இணைப்புகளை வாங்குவது பொய்ச்சாட்சிக்கு ஆள் பிடிப்பது போன்றது. 2012 இல் கூகுள் கொண்டுவந்த 'பென்குவின்' மாற்றத்தால் அவ்வாறான பல தளங்கள் பின்தள்ளப்பட்டன.

தோழிகளே, நமக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஹதீஸ் கலை அறிவிப்பாளரின் நேர்மையையும் நினைவாற்றலையும் ஆராய்கிறது. தேடுபொறியோ அறிமுகத்தை அளக்குமளவுக்கு நேர்மையை அளக்க வல்லதல்ல. ஆகவே முதலில் வருவதெல்லாம் உண்மை என்று ஒப்படைகளில் எழுதிவிடக் கூடாது. பின்னால் நிற்பதெல்லாம் பயனற்றது என்றும் எண்ணக் கூடாது.

நாங்கள் கண்ட பலன்

பெரிய தளங்களோடு 'நாட்டார் பாடல்' என்ற பொதுச் சொல்லுக்குப் போட்டியிடுவதை விட்டோம். எங்களிடம் மட்டுமே உள்ளதற்கு முதலிடம் கொடுத்தோம். ஒவ்வொரு கவிக்கும் தெளிவான தலைப்பு, பாடப்படும் சந்தர்ப்பம், ஊர், வட்டாரச் சொற்களின் பொருள் ஆகியவற்றை எழுதினோம். ஊர் வரலாறு எழுதும் இருவர் எங்கள் பக்கங்களைப் பார்த்துத் தம் தளங்களில் இணைப்புக் கொடுத்தனர். எங்களுக்குக் கிடைத்த முதற் சாட்சிகள் அவைதாம்.

மூன்று மாதங்களின் பின் கிண்ணியா என்ற பெயரோடு உம்மம்மாவின் கவியொன்றின் தொடக்கத்தைத் தட்டினேன். எங்கள் பக்கம் முதலாவதாக வந்தது. 'நாட்டார் பாடல்' என்று தேடினால் இன்றும் வெகு பின்னால்தான் நிற்கிறோம். அதற்குக் காலம் வேண்டும்.

வாப்பாவின் கைபேசியில் அதை உம்மம்மாவுக்குக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "எனக்கு இதச் சொல்லித் தந்தது என்ட உம்மா. அவட பேர் எங்க புள்ள?" என்று கேட்டார். இஸ்னாத் பற்றி இவ்வளவு படித்த எனக்கு அது தோன்றவில்லை. இப்போது ஒவ்வொரு கவியின் கீழும் சொன்னவரின் பெயரும், அவருக்குச் சொன்னவரின் பெயரும் இருக்கின்றன.

உங்கள் வீட்டிலும் ஓர் உம்மம்மா இருப்பார். அவரிடம் கேட்டு, யுனிகோட்டில் எழுதி, சொன்னவரின் பெயரையும் சேர்த்து வையுங்கள். தேடுபொறி தாமதமாக வந்தாலும் வரும். எழுதாமல் விட்டதைத் தேடி அது எங்கும் போக முடியாது.