முட்டிக்கு பிரேஸ் போடலாமா?

அமெரிக்கக் கால்பந்தில் முன்வரிசையில் மோதும் லைன்மேனின் முட்டிக்கு வினை பெரும்பாலும் பக்கவாட்டில்தான் வரும். யாராவது சரிந்து காலின் வெளிப்புறத்தில் விழுந்தால் முட்டி உள்பக்கம் மடங்கி, உட்புற ஜவ்வு கிழியும். கீல் வைத்த பிரேஸ் அந்த இடியைத் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் பிரித்துவிடும். வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமி மாணவர்களிடம் நடத்தி 1990-ல் வெளியான ஆய்வில், பிரேஸ் போட்டவர்களுக்கு முட்டிக் காயம் குறைந்தது. எல்லா ஆய்வும் அப்படிச் சொல்லவில்லை என்பதும் உண்மை. சட்டென்று திரும்பும்போது அறுகிற ஏ.சி.எல். ஜவ்வுக்கு பிரேஸை நம்ப வேண்டாம். கீல், முட்டிச்சில்லின் நடுவுக்கு நேராக இருக்கட்டும். வியர்வையில் இரண்டு விரற்கடை இறங்கினாலும் பயன் போச்சு; இடைவேளைதோறும் பட்டையை இறுக்குங்கள். ஓடிப் பந்து பிடிப்பவருக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன், வேகம் குறையும்.