நெடும்பாடலிலிருந்து குறும்பாடலுக்கு: ஜெனிசிஸ் இசைக்குழுவின் மாற்றம் குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை

கலைஞர் ஒருவர் பெரும்புகழ் பெற்றவுடன் அவர்மீது எழும் முதல் குற்றச்சாட்டு, 'விலைபோய்விட்டார்' என்பதாகும். எழுத்தாளர், இயக்குநர், இசையமைப்பாளர் என எவரும் இதற்கு விலக்கல்லர். மேற்கத்திய ராக் இசை வரலாற்றில் இக்குற்றச்சாட்டை நெடுங்காலம் சுமந்த குழு, இங்கிலாந்தின் ஜெனிசிஸ். 1972ஆம் ஆண்டில் ஏறத்தாழ 23 நிமிடங்கள் ஓடும் ஒரே பாடலை வெளியிட்ட இக்குழு, 1986ஆம் ஆண்டில் மூன்றரை நிமிடப் பாடல் ஒன்றினால் அமெரிக்காவின் தரவரிசையில் முதலிடத்தைப் பிடித்தது.

இம்மாற்றத்திற்கு இரசிகர்களிடையே வழங்கும் விளக்கம் மிகவும் சுருக்கமானது. பீட்டர் கேப்ரியல் பாடியவரை அது கலை. அவர் விலகி, டிரம்ஸ் வாசித்த ஃபில் காலின்ஸ் பாட வந்தபின் அது வணிகம் என்பதே அவ்விளக்கம். இது உண்மைதானா? குழு வெளியிட்ட இசைத்தொகுப்புகளையே சான்றாகக் கொண்டு இவ்வினாவுக்கு விடை காண இக்கட்டுரை முற்படுகிறது.

புரோகிரசிவ் ராக் என்பது யாது?

'புரோகிரசிவ்' என்னும் சொல்லை 'முற்போக்கு' எனத் தமிழில் பெயர்க்கலாம். ஆனால் இங்கு அது அரசியல் சொல் அன்று. 1960களின் இறுதியில் இங்கிலாந்தில் தோன்றிய இந்த இசைவகை, மூன்று நிமிடக் காதல் பாட்டு என்ற ராக் இசையின் எல்லையைத் தாண்ட விரும்பியது. மேற்கத்திய செவ்வியல் இசையைப் போலப் பல பகுதிகள் கொண்ட நீண்ட அமைப்பு, அடிக்கடி மாறும் தாளம், புராணமும் கற்பனையும் கலந்த பாடற்பொருள், உயர்ந்த வாசிப்புத் திறன் ஆகியவை இதன் இயல்புகளாகும். யெஸ், கிங் கிரிம்சன், எமர்சன் லேக் அண்ட் பால்மர் ஆகியவை ஜெனிசிஸுடன் ஒன்றாக வைத்து எண்ணப்படும் குழுக்கள்.

தொடக்கமே பாப் இசைதான்

ஜெனிசிஸ் 1967ஆம் ஆண்டு, சர்ரே மாவட்டத்திலுள்ள சார்ட்டர்ஹவுஸ் என்னும் தனியார் பள்ளியில் உருவானது. பீட்டர் கேப்ரியல், டோனி பேங்க்ஸ், மைக் ரூதர்ஃபோர்டு, அந்தோனி பிலிப்ஸ் ஆகியோர் அப்பள்ளியின் மாணவர்கள். அதே பள்ளியில் பயின்று வெளியேறிய ஜானதன் கிங் என்பவரே அவர்களுக்கு முதல் இசைத்தட்டு வாய்ப்பைப் பெற்றுத் தந்தார். அவர் பீ ஜீஸ் குழுவின் பாட்டுகளை விரும்புபவர் என்பதை அறிந்த மாணவர்கள், அந்தப் பாணியிலேயே ஒரு பாடலை எழுதினார்கள். 1968இல் வெளிவந்த 'தி சைலன்ட் சன்' என்னும் அந்தப் பாடலே இக்குழுவின் முதல் வெளியீடு.

ஆக, ஒருவரின் சுவையறிந்து அவருக்காகவே எழுதிய பாப் பாடலிலிருந்துதான் ஜெனிசிஸின் வரலாறு தொடங்குகிறது. பிற்காலப் பாப் இசை எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட ஒன்று எனக் கருதுவோர் இத்தொடக்கத்தை மறந்துவிடுகின்றனர்.

நெடும்பாடல் காலம் (1970–1975)

1970இல் பிலிப்ஸ் விலகினார். அதே ஆண்டு, இசை இதழ் ஒன்றில் வெளியான விளம்பரத்தைக் கண்டு வந்த காலின்ஸ் டிரம்ஸ் வாசிப்பவராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு கித்தார் கலைஞர் ஸ்டீவ் ஹாக்கெட் இணைந்தார். 'நர்சரி கிரைம்' (1971), 'ஃபாக்ஸ்ட்ராட்' (1972), 'செல்லிங் இங்கிலாந்து பை தி பவுண்ட்' (1973), 'தி லாம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே' (1974) ஆகிய நான்கும் இந்த ஐவர் அணியின் படைப்புகள்.

'ஃபாக்ஸ்ட்ராட்' தொகுப்பிலுள்ள 'சப்பர்ஸ் ரெடி' இக்காலத்தின் சிகரம் எனலாம். ஏழு பகுதிகளைக் கொண்ட இப்பாடல் ஓர் இல்லத்தின் அமைதியான அறையில் தொடங்கி, விவிலியத்தின் திருவெளிப்பாட்டு நூல் காட்டும் இறுதிப்போரை நோக்கிச் செல்கிறது. ஆறாம் பகுதியில், ஒன்பது எண்ணிக்கைச் சுற்றில் ஓடும் தாளத்தின்மேல் பேங்க்ஸின் ஆர்கன் வாசிப்பு அத்தாளக்கட்டுக்குப் பிடிபடாமல் விலகி விலகிச் செல்கிறது. அந்த இழுபறி நீண்டுகொண்டே போய், இறுதியில் பாடலின் தொடக்க மெட்டு புதிய கம்பீரத்துடன் திரும்பி வரும்போது கேட்பவர் நெஞ்சு நிறைகிறது. இருபது நிமிடங்கள் காத்திருந்தவருக்கே அந்த நிறைவு கிட்டும். நெடும்பாடலின் பயன் இதுதான். நீளத்துக்காக நீளம் என்று இதனைத் தள்ளிவிட இயலாது.

எனினும் இக்காலத்திலும் குறும்பாடல் அற்றுப்போகவில்லை. 1974இல் 'ஐ நோ வாட் ஐ லைக்' என்னும் பாடல் பிரிட்டிஷ் தரவரிசையில் 21ஆம் இடத்தைப் பெற்றது. குழுவின் முதல் வெற்றிப்பாடலைப் பாடியவர் கேப்ரியலே என்பது குறிப்பிடத்தக்கது.

படிப்படியான மாற்றம் (1976–1980)

1975இல் கேப்ரியல் விலகினார். புதிய பாடகரைத் தேடிப் பலரைச் சோதித்தும் பொருத்தமானவர் அமையவில்லை. இறுதியில் காலின்ஸே பாடினார். பாடகர் மாறியதும் இசை மாறிவிட்டதா? 1976இல் வெளிவந்த 'எ ட்ரிக் ஆஃப் தி டெய்ல்', 'விண்ட் அண்ட் வதரிங்' ஆகிய இரு தொகுப்புகளும் இல்லை என்றே விடையளிக்கின்றன. இரண்டிலும் நீண்ட இசைப்பகுதிகளும் சிக்கலான தாளங்களும் குறைவின்றி உள்ளன. காலின்ஸ் பாட வந்ததும் பாப் இசை வந்துவிட்டது என்னும் கூற்று இங்கேயே தளர்ந்துவிடுகிறது.

1977இல் ஹாக்கெட்டும் விலகினார். எஞ்சிய மூவரும் 1978இல் வெளியிட்ட தொகுப்பில் 'ஃபாலோ யூ ஃபாலோ மீ' என்னும் எளிய காதல் பாடல் இடம்பெற்றது. அது பிரிட்டனில் ஏழாம் இடத்தைப் பிடித்தது. இப்பாடலின் மெட்டு மூவருக்கும் உரியது. வரிகளை எழுதியவர் ரூதர்ஃபோர்டு. குழுவைப் பெருந்திரளான மக்களிடம் கொண்டுசேர்த்த முதல் காதல் பாடலின் வரிகள், பள்ளி நாள் முதல் உடனிருந்த உறுப்பினரின் கையிலிருந்து வந்தவை. அதற்கும் காலின்ஸையே பொறுப்பாக்குவது முறையன்று.

1980இல் வெளியான 'டியூக்' குழுவின் மாற்றத்தைத் தெளிவாகக் காட்டும் தொகுப்பு. இதன் ஆறு பாடல்கள், முதலில் ஏறத்தாழ அரைமணி நேரத் தொடர்பாடலாகத் திட்டமிடப்பட்டவை. 'சப்பர்ஸ் ரெடி'யோடு ஒப்பிட்டுப் பேசுவார்கள் என்பதால் குழுவினர் அதனைத் துண்டுகளாகப் பிரித்துத் தொகுப்பு முழுவதும் பரப்பிவைத்தார்கள். அத்துண்டுகளுள் ஒன்றான 'டர்ன் இட் ஆன் அகெய்ன்' பிரிட்டனில் எட்டாம் இடம் பெற்ற வெற்றிப்பாடல். அதன் சுற்று பதின்மூன்று எண்ணிக்கை கொண்டது. ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களுக்குப் பழகிய நாம் அதற்குக் கைதட்டிப் பார்த்தால் உடனே தடுமாறுவோம். ஆயினும் வானொலியில் அதனைக் கேட்டவர்கள் அதைச் சிக்கலான பாட்டு என உணரவே இல்லை. சிக்கல் மறையவில்லை, அது பாடலுக்குள் ஒளிந்துகொண்டது. 'டியூக்' பிரிட்டனில் முதலிடம் பெற்ற குழுவின் முதல் தொகுப்பாகவும் அமைந்தது.

ஒலியும் உருவாக்கமுறையும் (1980–1983)

இக்காலத்தில் இரண்டு பெரிய மாற்றங்கள் நிகழ்ந்தன. முதலாவது, டிரம்ஸ் ஒலி. 1980களின் பாப் இசையைக் கேட்டவுடன் அடையாளம் காட்டுவது, வெடித்துப் பெருகிச் சட்டென்று அறுந்துபோகும் டிரம்ஸ் ஓசை. அறையின் எதிரொலியை ஒலிவாங்கி வழியே பெரிதாக்கி, அது தானாக ஓயுமுன்னே கருவியால் வெட்டிவிடுவதே இதன் நுட்பம். 1981இல் காலின்ஸ் தனியாக வெளியிட்ட 'இன் தி ஏர் டுநைட்' பாடலால் இவ்வோசை உலகப் புகழ் பெற்றது. ஆனால் இது பிறந்த இடம் வேறு. கேப்ரியல் 1980இல் வெளியிட்ட மூன்றாவது தனித்தொகுப்புக்காக ஒலிப்பொறியாளர் ஹியூ பேட்கம் இதனை உருவாக்கினார். அங்கு டிரம்ஸ் வாசித்தவர் காலின்ஸ். உலோகத் தாளத்தட்டுகளைப் பயன்படுத்தக் கூடாது என்னும் கேப்ரியலின் கட்டளையும் அவ்வோசைக்கு இடமளித்தது. 'கலைஞர் கேப்ரியல், வணிகர் காலின்ஸ்' என்னும் பிரிவினை, இந்த ஒரு செய்தியாலேயே பொருளிழந்துபோகிறது.

இரண்டாவது, பாடல் பிறக்கும் முறை. முன்பு உறுப்பினர்கள் தனித்தனியே எழுதிய பகுதிகளைக் கொண்டுவந்து இணைத்தார்கள். சர்ரேயில் சொந்தமாக ஒலிப்பதிவுக்கூடம் அமைத்தபின் நிலை மாறியது. 'அபகாப்' (1981) தொகுப்பை உருவாக்கியபோது, பழைய பாணியை ஒத்திருந்தவற்றை அவர்கள் தாமே ஒதுக்கினர். 1983ஆம் ஆண்டுத் தொகுப்புக்கு எந்தப் பாடலையும் எழுதி எடுத்து வரவில்லை. மூவரும் ஒன்றாக அமர்ந்து வாசித்துப் பார்த்தே அனைத்தையும் உருவாக்கினர். 'மாமா' என்னும் பாடல், ரூதர்ஃபோர்டு தாளப்பொறியில் அமைத்த ஓசையிலிருந்து முளைத்தது. அதில் வரும் காலின்ஸின் அச்சமூட்டும் சிரிப்புக்குத் தூண்டுகோல், கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவின் 'தி மெசேஜ்' என்னும் ராப் பாடல்.

இம்முறை மாற்றமே வடிவ மாற்றத்திற்கு அடிப்படை என்பது என் கருத்து. ஒருவர் தனிமையில் தாளில் எழுதும்போது ஏழு பகுதிகளைத் திட்டமிடலாம். மூவர் ஒரு தாளப்பொறியின் ஓட்டத்தில் சேர்ந்து வாசிக்கும்போது, ஒரே தாளமும் ஒரே மனநிலையும் கொண்ட பாடலே இயல்பாகப் பிறக்கும்.

1986: ஒரு தொகுப்பின் கணக்கு

1986இல் வெளிவந்த 'இன்விசிபிள் டச்' வணிக வெற்றியின் உச்சம். இதன் ஐந்து பாடல்கள் அமெரிக்கத் தரவரிசையில் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தன. தலைப்புப் பாடல் அவ்வாண்டு ஜூலையில் முதலிடம் பெற்றது. அதற்கு அடுத்த வாரம் அதனை இறக்கிவிட்டு அவ்விடத்தைப் பிடித்த பாடல் 'ஸ்லெட்ஜ்ஹாமர்'. பாடியவர் வேறு யாருமல்லர், பீட்டர் கேப்ரியல்தான்! கலையின் காவலர் எனப் போற்றப்பட்டவரும் அதே சந்தையில், அதே மாதத்தில் வெற்றி பெற்றார். அதற்காக அவரை எவரும் அவ்வளவு கடுமையாகப் பழிக்கவில்லை.

இத்தொகுப்பின் நேரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் மேலும் ஒரு வியப்பு காத்திருக்கிறது. மொத்தம் ஏறக்குறைய 45 நிமிடங்கள். இதில் 'டோமினோ' என்னும் இருபகுதிப் பாடல் பத்து நிமிடங்களுக்கு மேல் ஓடுகிறது. 'டுநைட், டுநைட், டுநைட்' ஒன்பது நிமிடங்களை நெருங்குகிறது. 'தி பிரேசிலியன்' பாட்டே இல்லாத கருவியிசை. ஐந்து நிமிடங்களுக்குச் சற்றுக் குறைவு. மூன்றும் சேர்ந்து சுமார் 24 நிமிடங்கள், அதாவது தொகுப்பில் பாதிக்கும் மேல். பாப் தொகுப்பு என இகழப்பட்ட ஒன்றின் பெரும்பகுதி, பழைய வழியின் தொடர்ச்சியாகவே இருக்கிறது. ஆனால் வானொலிக்காக 'டுநைட்' பாடலைப் பாதியளவுக்கு வெட்டினர் என்பதையும் மறைப்பதற்கில்லை. உலகம் கேட்டது அந்தப் பாதியைத்தான்.

இழப்பு எது?

இவ்வளவு சொன்னதால் எதுவுமே இழக்கப்படவில்லை என்று முடிவு கட்டிவிடலாகாது. முதல் இழப்பு, ஒரே பாடலுக்குள் இருந்த முரண். முன்பு மென்மையும் முழக்கமும், நகைச்சுவையும் அச்சமும் ஒரே பாடலில் அடுத்தடுத்து வந்தன. பின்னாளில் மென்மைக்கு ஒரு பாடல், முழக்கத்திற்கு ஒரு பாடல் எனத் தனித்தனியே பிரிந்தன. இரண்டாவது இழப்பு, பின்னல். ஹாக்கெட்டின் கித்தாரும் பேங்க்ஸின் கீபோர்டும் ஒன்றையொன்று தழுவிச் சென்ற நுண்மை, அவர் சென்றபின் திரும்பவில்லை. மூன்றாவது, கதைமாந்தர். கேப்ரியல் முகமூடி அணிந்து மேடையில் உயிர்கொடுத்த விந்தை மனிதர்களின் இடத்தில், தம் சொந்தத் துயரைக் கூறும் 'நான்' வந்து அமர்ந்தது. இதனைக் குறை என்றும் கூறலாம். நேர்மை என்றும் கூறலாம்.

பழைய இரசிகர்களின் வேதனையும் பொய்யன்று. 1981இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் 'அபகாப்' பாடல்களைக் கேட்டுக் கூட்டத்தினர் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். தாம் நேசித்த ஒன்று தம்மை விட்டு விலகிச் செல்வதைக் கண்டவர்களின் குரல் அது. குழுவினரும் அவர்களை முற்றாகக் கைவிடவில்லை. பிற்கால மேடைகளில் பழைய பாடல்களை ஒரு தொடராகக் கோத்து வாசித்து வந்தனர். 1982 அக்டோபரில் கேப்ரியலின் இசைவிழா முயற்சி கடனில் சிக்கியபோது, அவருக்கு உதவ மில்டன் கீன்ஸில் ஒரே ஒரு மாலை அனைவரும் ஒன்றாக மேடையேறினர்.

முடிவுரை

காலின்ஸ் 1996இல் விலகினார். பின்னர் மீண்டும் இணைந்து, 2022 மார்ச்சில் இலண்டனில் குழுவின் இறுதி நிகழ்ச்சியை அமர்ந்தபடியே பாடி நிறைவு செய்தார். டிரம்ஸ் வாசித்தவர் அவர் மகன். பார்வையாளர் வரிசையில் கேப்ரியலும் இருந்தார்.

ஜெனிசிஸின் மாற்றம் ஒருவர் செய்த துரோகமன்று என்பது மேற்கண்ட சான்றுகளால் தெளிவாகிறது. அது பாப் ஆசையோடு தொடங்கிய மாணவர்கள் நெடும்பாடலைக் கற்று, பதினைந்து ஆண்டுகளில் அதனைப் படிப்படியாகக் குறும்பாடலுக்குள் அடக்கிய பயணம். வழியில் சில செல்வங்கள் கைநழுவின. அவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது திறனாய்வாளரின் கடமை. ஆனால் 'விலைபோய்விட்டார்' என்னும் ஒற்றைச்சொல் அக்கடமையை நிறைவேற்றுவதில்லை. எது மாறியது, எது நீடித்தது, எது இழக்கப்பட்டது என்னும் மூன்று வினாக்களை எழுப்பாமலே தீர்ப்பு வழங்க அச்சொல் நமக்கு வசதி செய்து தருகிறது. இசையாயினும் இலக்கியமாயினும், படைப்பை முழுமையாகக் கேட்டபின், படித்தபின் தீர்ப்புக் கூறும் பழக்கம் நம்மிடம் வேரூன்ற வேண்டும். அதற்கு இருபத்து மூன்று நிமிடங்கள் ஒதுக்கி 'சப்பர்ஸ் ரெடி'யைக் கேட்பதும், பின்னர் 'டோமினோ'வைக் கேட்பதும் நல்ல பயிற்சியாக அமையும்.