காவலாளிகளின் மேற்பார்வையாளர்

புதுச்சேரி நகரின் சாரம் பகுதியில் கடைகள், மருத்துவ நிலையங்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகள் ஆகியவற்றின் வாயில்களில் காவலாளிகள் நிற்பதை யாவரும் கண்டிருப்பர். பாகூர், திருக்கனூர் முதலிய ஊர்ப்புறங்களிலிருந்து பேருந்தில் வந்து இப்பணியாற்றுவோரும் உண்டு. அவர்களுள் திறமை மிக்கவர் நாளடைவில் மேற்பார்வையாளராக உயர்கின்றனர். அப்பதவியை விரும்பும் கிராம இளைஞர் அதன் பொறுப்பை முன்னரே அறிந்திருத்தல் நலம்.

தனியார் காவல் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2005-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 18 வயது நிறைந்து 65 வயதை எட்டாத இந்தியக் குடிமகன் காவலாளியாகலாம். மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு மாதிரி விதிகள் 100 மணி நேர வகுப்புப் பாடமும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் வகுத்தன. முன்னாள் படைவீரருக்குச் சுருக்கப் பயிற்சி போதும். அவ்விதிகளின்படி 15 காவலாளிகளுக்கு மேல் ஒரு மேற்பார்வையாளரிடம் ஒப்படைக்கலாகாது. அவர்கள் வெவ்வேறு இடங்களில் சிதறி நின்றால், ஆறு பேருக்கு ஒருவராவது வேண்டும். படையிலோ காவல் துறையிலோ மூன்றாண்டு பணி செய்தவருக்கு மேற்பார்வைப் பதவியில் முன்னுரிமை உண்டு. ‘சொல்தா’க்கள் வாழ்ந்த புதுச்சேரிக்கு இது புதுமையன்று.

காவலாளியின் உடை காவலரின் சீருடையையோ படைவீரரின் சீருடையையோ ஒத்திருத்தல் குற்றமாகும். புதுச்சேரிக் காவலரின் சிவப்புத் தொப்பியைக் குழந்தையும் அறியும். அதனைப் போன்ற தொப்பியை வாயிற்காவலர் அணியாதிருக்குமாறு மேற்பார்வையாளரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவையெல்லாம் எளியவை. கடினமானது வேலை நேரம்.

மாலை ஆறு மணிக்குப் பணி மாற்ற வர வேண்டியவர் வரவில்லை என்று கொள்வோம். வாயிலை வெறுமையாக விட இயலாது. பகல் முழுதும் நின்றவரையே இரவும் நிறுத்திவிடுவது வழக்கமாகிவிட்டது. இதனையே ‘டபுள் டூட்டி’ என்பர். கூடுதல் கூலியை எண்ணி அவரும் இசைவார். நள்ளிரவு மூன்று மணிக்குச் சுற்றி வரும் மேற்பார்வையாளர் அவர் நாற்காலியில் உறங்குவதைக் கண்டு அபராதம் எழுதுவார். உண்மையில் அவ்வபராதம் எவருக்கு உரியது? எப்போது பணி ஏற்றார் என்று முதலில் கேட்டறிவதே முறை.

எட்டு மணி நேர வேலை இவ்வூரில் எளிதில் கிட்டியதன்று. 1936-ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று, புதுச்சேரி ஆலைத் தொழிலாளர் போராட்டத்தில் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பன்னிருவர் பலியாயினர். அடுத்த ஆண்டு வந்த தொழிலாளர் சட்டம் எட்டு மணி நேர வேலைக்கு வழி வகுத்தது. அந்நகரின் வாயிற்காவலர் பன்னிரண்டு மணி நேரம் நிற்பதை இயல்பெனக் கொள்ளலாகாது.

ஆதலின் மேற்பார்வையாளர் மாற்றாட்களின் பட்டியலை ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். பொங்கல், மாசி மகம், ஆடியில் வீராம்பட்டினம் தேர், அறுவடைக் காலம் ஆகியவற்றில் ஊர்க்காரர் விடுப்பு விழைவர் என்பது தெரிந்ததே. ஒரு மாதம் முன்னரே யார் யாருக்கு எந்நாள் எனப் பேசி எழுதிவிட்டால் பாதித் தொல்லை தீரும். கிராமத்தில் பிறந்தவருக்கு இக்கணக்கைக் கற்பிக்க வேண்டுவதில்லை. எவரும் கிட்டாத இரவில் தாமே அவ்வாயிலில் நிற்பவரிடம் காவலாளிகளுக்கு உண்டாகும் மதிப்பு வேறு எதனாலும் உண்டாவதில்லை.

பணி மாறும்போது சாவிகளை எண்ணி ஒப்படைத்தல், தீயணைப்புக் கருவியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா எனப் பார்த்தல், வண்டிப் பதிவேட்டில் கையொப்பமிடுதல் ஆகியவற்றைச் சில நாள் உடனிருந்து பழக்கினால் போதும்.

வருகைப் பதிவேடு அவ்வாறன்று. பதினாறு மணி நேரம் நின்றவருக்குப் பதினாறு என்றே எழுதப்பட வேண்டும். மிகை நேரத்திற்கு இருமடங்கு ஊதியம் என்பது சட்டத்தின் நெறி. குறைத்தெழுதினால் அவ்வூதியம் மறைந்துவிடும். தொழிலாளர் ஈட்டுறுதிக்காகக் காவலாளியின் ஊதியத்தில் நூற்றுக்கு 0.75 பிடிக்கப்படுகிறது, நிறுவனம் 3.25 சேர்த்துச் செலுத்த வேண்டும். செலுத்தாத குறை பெரும்பாலும் அவர் நோயுற்று மருத்துவமனை வாயிலில் நிற்கும்போதே தெரிய வருகிறது. மாதந்தோறும் சம்பளச் சீட்டைக் காவலாளியுடன் அமர்ந்து படித்துக் காட்டும் மேற்பார்வையாளர் அதனை முன்னரே கண்டுபிடித்துவிடுவார்.