அரணையின் தட்டில் சுண்ணாம்புச்சத்து

நீலநாக்கு அரணை வளர்ப்பவருக்கு முதலில் வரும் கவலை, தீனி போதுமா என்பதுதான். என் அனுபவத்தில் அந்தக் கவலைக்குத் தேவையே இல்லை. கூண்டு அரணை பசியால் மெலிவது அபூர்வம். கொழுத்து, எலும்பு மெலிந்து நலிவதே அதிகம். ஊன் தீனியில் கால்சியத்தைப் போலப் பல மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. கோழிக்கறியில் அது பத்து மடங்குக்கும் மேல். சுவர்க்கோழி, மீல்வார்ம் புழுக்களின் கதையும் ஏறக்குறைய இதுதான். ஊர்வனவற்றுக்கு வேண்டியதோ நேர்மாறு: பாஸ்பரஸ் ஒரு பங்கென்றால் கால்சியம் இரு பங்கு. அந்தப் பற்றாக்குறையை உடல் தன் எலும்பைக் கரைத்து ஈடுகட்டும். தாடை இளகும், கால் நடுங்கும், முதுகெலும்பு வளையும். அதனால் வளர்ந்த அரணைக்குப் பாதித்தட்டு காயும் கீரையும், பாதிக்குச் சற்றுக் குறைவாகப் புழு பூச்சி, முட்டை, எப்போதாவது துண்டுப் பழம் என்று வைப்பதே சரி. முருங்கைக்கீரை இங்கே எந்தத் தெருவிலும் கிடைக்கும், கால்சியமும் மிகுதி. பாலக்கையும் பசலையையும் தினமும் போடக் கூடாது. அவற்றின் ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். வெங்காயம், பூண்டு, அவகேடோ அறவே வேண்டாம். பூச்சியின் மேல் கால்சியத் தூளைத் தூவலாம். நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்கும் கணவாய் ஓட்டைப் பொடித்தாலும் ஆகும்.

காட்டு அரணைக்கு யார் தூள் தூவுகிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆஸ்திரேலியாவில் நீலநாக்கு அரணை நத்தையை ஓட்டோடு நொறுக்கித் தின்கிறது, பூ, காய், வண்டு என்று மேய்கிறது, வெயில் காய்கிறது. கூண்டுக்குள் இவை எதுவும் இல்லாததால்தான் தூள். வெயிலும் தீனியின் பகுதியே. 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதா ஒளி தோலில் பட்டு வைட்டமின் டி3 உருவானால்தான் கால்சியம் குடலில் சரியாக உறிஞ்சப்படும். ஜன்னல் கண்ணாடி அந்த ஒளியை வடிகட்டிவிடும். கண்ணாடித் தொட்டியையே வெயிலில் வைத்தால், ஸ்ரீபெரும்புதூர் மே மாத வெயிலில் அரணை வெந்து செத்துப்போகும். நிழலும் தண்ணீரும் உள்ள கம்பிவலைக் கூண்டில் காலை வெயில் காட்டலாம். இல்லையேல் அந்தப் புறஊதா ஒளி தரும் யுவிபி விளக்கு வாங்கியே ஆக வேண்டும். ஏசி அறையில் உடல் குளிர்ந்து கிடந்தால் தின்றது செரிக்காது, வெப்ப விளக்கும் வேண்டும்.

ஒரகடம் சிப்காட் தொழிற்பேட்டை விளக்குகளைச் சுற்றி மழைக்காலத்தில் மொய்க்கும் ஈசலையும் வண்டையும் பிடித்துப் போட்டால் செலவில்லையே என்பது இன்னொரு வாதம். இதை நான் ஏற்கமாட்டேன். புல்தரைக்கு அடிக்கும் பூச்சிமருந்தும் கொசுமருந்துப் புகையும் அந்தப் பூச்சிகளின் உடலில் இருக்கலாம், பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. சில மின்மினி வகைகளில் ஒன்றைத் தின்றாலே பல்லியினத்தைக் கொல்லும் அளவுக்கு நஞ்சுள்ளது. விலைக்கு வாங்கிய பூச்சிக்கு ஒருநாள் கீரையும் கேரட்டும் தின்னக் கொடுத்து, பிறகு அரணைக்குப் போடுவதே பாதுகாப்பு.

ஷிப்டு வேலைக்காரருக்கு இதெல்லாம் எப்படி முடியும்? வளர்ந்த அரணைக்கு வாரத்தில் இரண்டு வேளை போதும். குட்டிக்குத்தான் அடிக்கடி வேண்டும். நைட் ஷிப்டு முடிந்து தூங்கி எழுந்தபின் நறுக்கிவைத்தாலும் போதும், விளக்கு மட்டும் டைமரில் பகலில் எரியட்டும். வேலியோரத்து நம்மூர் அரணையைப் பிடித்து அடைக்க மட்டும் வேண்டாம். கடித்தால் மரணம் என்று அடிக்கவும் வேண்டாம், அதற்கு விஷமே கிடையாது. மருந்தடிக்காத சருகுக் குவியல் ஒன்றைத் தோட்டத்தில் விட்டுவைத்தால் அது தானே இரை தேடிக்கொள்ளும்.