மாட்டு மருந்து லேபிளைப் படிப்பது எப்படி?

கறவை மாட்டுக்கு மருந்து வாங்கும்போது விலையைப் பார்க்கிறோம். சிலர் காலாவதித் தேதியையும் பார்ப்பார்கள். மற்ற சொற்களெல்லாம் டாக்டருக்கு என்று விட்டுவிடுகிறோம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் இரண்டு மூன்று மாடு வைத்து, பக்கத்துத் தெருக்களுக்கே பால் ஊற்றுகிறவர்கள் அப்படி விடக்கூடாது. காலையில் கறந்த பால் சிறிது நேரத்தில் யாரோ ஒரு குழந்தையின் டம்ளரில் இருக்கிறது.

லேபிளில் பெயர் இரண்டு இருக்கும். ஒன்று கம்பெனி வைத்த பெயர். மற்றதே மருந்தின் பெயர். அதைத்தான் படிக்க வேண்டும். வலிக்குப் போடப்பட்ட டைக்ளோஃபினாக் மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது 2006-ல் தடை செய்யப்பட்டது. அந்த மருந்து ஏறிய மாடு இறந்தபின், அதைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. அசெக்ளோஃபினாக் என்பது வேறு பெயர்தான்; மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறுகிறது. அதையும் கீட்டோபுரோஃபெனையும் 2023-ல் தடை செய்தார்கள். மெலாக்சிகாம் கழுகுகளுக்குத் தீங்கு செய்வதில்லை.

அடுத்தது மருந்தளவு. 'ஒரு கிலோ எடைக்கு 5 மில்லிகிராம்' என்று போட்டிருந்தால் மாட்டின் எடை தெரிய வேண்டும். தராசு தேவையில்லை, தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து வால் பக்கத்து எலும்பு முனை வரை நீளத்தையும் அங்குலத்தில் அளக்கவும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் எடை ஏறக்குறைய கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 66, நீளம் 60 என்றால் 396 கிலோ. தேவை 1,980 மில்லிகிராம். பாட்டிலில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருந்தால் சுமார் 20 மில்லி. 25 மில்லிகிராம்தான் இருந்தால் சுமார் 80 மில்லி. 'போன தடவை கொடுத்த அளவே' என்று கொடுப்பது இதனால்தான் ஆபத்து.

செலுத்தும் வழியும் லேபிளில் இருக்கும். சதையில் போட வேண்டிய சில ஊசிகள் இரத்தக் குழாயில் ஏறினால் மாடு அங்கேயே விழும். ஊசியை டாக்டரிடம் விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, கடைசி மருந்துக்குப் பின் எத்தனை நாள் பாலை விற்கக்கூடாது என்ற குறிப்பு. உடலில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை அரை ஆயுள் என்பார்கள். அது 12 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், நூறு பங்கு மருந்து ஒரு நாளில் 25 பங்காகும். இரண்டு நாள் கழித்தும் 6 பங்கு நிற்கும். மாடு தெளிந்து தீவனம் தின்னத் தொடங்கியதும் மருந்து போய்விட்டது என்று நினைப்பது இங்கேதான் தவறுகிறது.

மடிநோய்க்கு ஒரு காம்பில் மட்டும் ட்யூப் செலுத்தினாலும் நான்கு காம்புப் பாலையும் ஒதுக்க வேண்டும்; மருந்து இரத்தத்தில் கலந்து மற்றவற்றுக்கும் வரும். காய்ச்சினால் மருந்து போய்விடும் என்று நம்பவேண்டாம். பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கு அந்தப் பாலால் தடிப்பும் அரிப்பும் வரலாம். தயிர் தோய்க்கும் நுண்ணுயிரையும் மருந்து கொல்லும். 'உங்கள் பால் தோயவில்லை' என்று வாடிக்கைக்காரர் சொன்னால் தண்ணீர் கலந்ததாகத்தான் சந்தேகப்படுவார். ஒதுக்கிய பாலைக் கன்றுக்கும் ஊட்டவேண்டாம். அதன் குடலில் மருந்துக்கு அடங்காத கிருமி வளரும்.

2012 முதல் இந்த நாள் கணக்கை லேபிளில் அச்சிடுவது கட்டாயம். குறிப்பிடாத மருந்துக்குப் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள் என்பது விதி. ஏழு நாள் பாலை இழப்பது சிறு விவசாயிக்குப் பெரிய அடி என்பதை மறுக்கவில்லை. ஆகவே சிகிச்சை தொடங்கும் முன்பே, 'இதைவிடக் குறைந்த நாள் உள்ள மருந்து உண்டா?' என்று டாக்டரைக் கேளுங்கள். பல நேரங்களில் இருக்கும்.

கடைசி ஊசி போட்ட தேதியையும் நேரத்தையும் தொழுவச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போகும்போது முன்பு கொடுத்த மருந்தின் காலி பாட்டிலையும் எடுத்துச் செல்லவும்.