பாடியை மாற்றுவதா, வெளிச்சத்தை மாற்றுவதா?

கேள்வி: எங்கள் குடும்பத் தொழில் நெசவு. நான் போட்டோ எடுக்கிறேன். கையில் இருப்பது நிக்கான் டி750, 24-120 எஃப்/4 லென்ஸ், 50 எம்.எம். எஃப்/1.8டி லென்ஸ், ஒரு ஃபிளாஷ். முகூர்த்த நாட்களில் திருத்தணி, சோளிங்கர், நகரி பக்கம் கல்யாணம். மற்ற நாட்களில் தறிக்காரர்களுக்கும் ஜவுளிக்காரர்களுக்கும் சேலைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். சமீபமாக இரண்டு குறை. மண்டபத்தில் எடுக்கும் படம் புள்ளி புள்ளியாக வருகிறது. சேலையின் நிறம் படத்தில் ஒன்று, நேரில் ஒன்று என்று ஆர்டர் திரும்பி வருகிறது. இசட்5-2 மிர்ரர்லெஸ் வாங்கினால் இரண்டும் சரியாகும் என்கிறார்கள். பாடி மட்டும் ஒன்றரை லட்சம். தவணையில் வாங்கலாமா?
– வாசகர், அம்மையார்குப்பம்

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு குறைகளுக்கும் டி750 காரணமில்லை. புதிய பாடி வந்தாலும் இரண்டும் தொடரும், கூடவே தவணையும் சேரும். கேமராவை மாற்றலாமா என்று யோசிக்கிறவர்கள் பெரும்பாலும் புது மாடலில் என்னென்ன வசதி என்ற பட்டியலிலிருந்துதான் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும் கெட்டுப்போன படங்கள். ஒவ்வொன்றும் எதனால் கெட்டது என்று பார்த்து, அவற்றில் எத்தனை பாடியின் குற்றம் என்று எண்ணிவிட்டால் முடிவு எடுப்பது சுலபம். 2014-ல் வந்த டி750 அன்று எடுத்த தரத்தில்தான் இன்றும் எடுக்கிறது. இந்தப் பத்தாண்டில் மாறியிருப்பது நீங்கள் படம் எடுக்கும் இடங்களின் வெளிச்சம். வீட்டிலும் கடையிலும் மலிவான எல்இடி விளக்கு வந்துவிட்டது, மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் எல்இடி திரையே வந்துவிட்டது.

முதலில் சேலை, ஏனென்றால் உங்கள் ஊருக்கே பிழைப்பு அதில் இருக்கிறது. வெள்ளை எல்இடி விளக்கில் ஒளி தரும் சில்லு உண்மையில் நீலமாகத்தான் எரிகிறது. அதன்மேல் மஞ்சள் பூச்சு தடவி வெள்ளையாக்குகிறார்கள். விலை குறைந்த விளக்குகளில் நீலமும் மஞ்சளும் தாராளமாக இருக்கும், அடர் சிவப்பு மிகக் குறைவாக இருக்கும். அரக்கு நிறச் சேலை தன்மேல் விழும் ஒளியிலிருந்து சிவப்பைத்தான் திருப்பி அனுப்ப வேண்டும். சிவப்பே விழவில்லை என்றால் அது எதைத் திருப்பி அனுப்பும்? படத்தில் அரக்கு பழுப்படித்துப் போவது இதனால்தான். வொயிட் பேலன்ஸைத் திருத்தினால் மொத்தச் சாயலும் ஒரு பக்கம் நகரும். ஒளியில் இல்லாத நிறம் வந்துவிடாது. டி750 ஆனாலும் ஐந்து லட்ச ரூபாய் கேமரா ஆனாலும் இந்த இடத்தில் கையை விரிக்க வேண்டியதுதான். இதைவிட மோசம் கலப்பு வெளிச்சம்: ஜன்னல் பக்கம் இருக்கும் முந்தானைக்கு ஒரு நிறம், டியூப் லைட் பக்கம் இருக்கும் உடலுக்கு வேறு நிறம். ஒரே சேலைக்குள் இரண்டு சாயல் இருந்தால் எந்தத் திருத்தமும் இரண்டுக்கும் பொருந்தாது.

ஆகவே விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, நேர் வெயில் விழாத வடக்கு ஜன்னலோரம் சேலையை விரியுங்கள். இரவிலும் எடுக்க வேண்டும் என்றால் நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு, அதாவது சிஆர்ஐ, 95-க்கு மேல் என்று அட்டையில் போட்ட விளக்கு இரண்டு வாங்கி, வேறு எதையும் எரியவிடாமல் எடுங்கள். முதல் படத்தில் சேலையின்மேல் ஒரு சாம்பல் நிற அட்டையை வைத்து எடுத்துக்கொண்டால், ரா ஃபைலில் அதைத் தொட்டு மற்ற படங்கள் அனைத்துக்கும் வொயிட் பேலன்ஸ் கொடுத்துவிடலாம். கேமராவின் மெனுவில் இரண்டு இடங்களையும் பார்த்துவிடுங்கள். கலர் ஸ்பேஸ் அடோபி ஆர்ஜிபி என்று இருந்தால் எஸ்ஆர்ஜிபி-க்கு மாற்றுங்கள். பல போன்களில் அடோபி ஆர்ஜிபி படம் வெளுத்துத் தெரியும். பிக்சர் கன்ட்ரோல் விவிட் என்று இருந்தால் ஸ்டாண்டர்டுக்குக் கொண்டுவாருங்கள். விவிடில் சிவப்பு அளவு மீறி, நூலோட்டமே தெரியாமல் ஒரே பூச்சாக அப்பிக்கொள்ளும். சரிகைக்கு ஒளி பக்கவாட்டிலிருந்து, மெல்லிய வெள்ளைத் துணி வழியாக வர வேண்டும். நேர் ஃபிளாஷ் அடித்தால் சரிகை வெறும் வெள்ளையாக எரிந்துவிடும்.

இவ்வளவு செய்தும் மயில் கழுத்து நிறச் சேலையில் புகார் வரலாம். பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம் என்று நெய்த துணி, பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப நிறம் மாறும். அதன் அழகே அதுதான். அதை ஒரே படத்தில் சொல்ல எந்தக் கேமராவாலும் முடியாது. விரித்து ஒன்று, கொசுவம் மடித்து ஒன்று, கையில் அசைத்து ஒரு சிறு வீடியோ என்று மூன்றையும் அனுப்புங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். துணி எடுப்பவருக்கு டி750-இல் ஒரு சாதகமே இருக்கிறது. சென்சாருக்கு முன்னால் லோ-பாஸ் ஃபில்டர் உள்ள பாடி அது. டி810, டி850 போன்றவற்றில் அந்தக் கண்ணாடி கிடையாது. மிக நெருக்கமான கட்டம் போட்ட துணியில் இல்லாத வண்ணக் கோடுகள் நெளிநெளியாக எழும் வாய்ப்பு அத்தகைய பாடிகளில் கூடுதல்.

அடுத்தது மண்டபத்துப் புள்ளிகள். புதிய சென்சார் இருட்டில் சுத்தமாக எடுக்கும் என்பது பொதுவாக உண்மைதான். எவ்வளவு சுத்தம் என்பதுதான் கேள்வி. டிஎக்ஸ்ஓமார்க் சோதனைக்கூடம் குறைந்த ஒளிக்குத் தரும் மதிப்பெண் டி750-க்கு 2956 ஐஎஸ்ஓ, 2018-ல் வந்த இசட்6-க்கு 3299 ஐஎஸ்ஓ. இசட்5-2-இல் இருக்கும் 24.5 மெகாபிக்சல் சென்சாரும் அந்த வழியில் வந்ததே. இந்த வித்தியாசம் ஒரு ஸ்டாப்பில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆல்பத்தில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இப்போது உங்கள் பைக்குள் பாருங்கள். 24-120 லென்ஸ் எஃப்/4-க்கு மேல் திறக்காது. 50 எம்.எம். எஃப்/1.8 அதைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு ஒளியை உள்ளே விடும். ஐஎஸ்ஓ 6400-இல் எடுத்த அதே படத்தை 1300-இல் எடுக்கலாம். ஒன்றரை லட்சம் கொடுத்தும் கிடைக்காத சுத்தம், ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் சின்ன லென்ஸில் இருக்கிறது. திருத்தணி மலைக்கோயிலில் முகூர்த்த நாளில் பக்கத்துக்குப் பக்கம் கல்யாணம் நடக்கும், விளக்கு ஸ்டாண்ட் வைக்க இடம் கிடைக்காது. அங்கே இந்த லென்ஸ்தான் கைகொடுக்கும்.

மண்டபத்தில் வேறு வழியும் உண்டு. ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, மணவறைக்குப் பக்கவாட்டில் ஸ்டாண்டில் உயரமாக வையுங்கள். உங்களுடையது எஸ்பி-700 என்றால் அதை இயக்க எதுவும் வாங்க வேண்டாம். டி750-இன் தலையில் இருக்கும் சிறு ஃபிளாஷே தொலைவிலிருந்து அதற்குக் கட்டளை கொடுக்கும். இசட்5-2-இல் அந்தச் சிறு ஃபிளாஷ் இல்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வேறு ஃபிளாஷ் என்றால் கோடாக்ஸ் போன்ற ஒன்றும் ரேடியோ ட்ரிக்கரும் சேர்த்து, பாடி விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் ஆகும். வீட்டு வாசலில் வண்ணச் சாமியானா போட்ட கல்யாணத்தில் மட்டும் ஃபிளாஷை மேலே திருப்பாதீர்கள். துணியின் சிவப்பும் பச்சையும் மாப்பிள்ளை பெண் முகத்தில் இறங்கிவிடும்.

பெரிய ஆல்பத்துக்குப் புது கேமரா வேண்டும் என்பது கடைகளில் அடிக்கடி கேட்கும் வாதம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12-க்கு 36 அங்குல ஷீட்டில் ஒரே படத்தை முழுக்கப் பரப்பினால், டி750-இன் 6016 புள்ளிகள் அகலத்தில் அங்குலத்துக்கு 167 வீதம் வரும். இசட்5-2-இன் அகலம் 6048 புள்ளிகள், அங்குலத்துக்கு 168. சோனி ஏ7 நான்காம் பதிப்பின் 33 மெகாபிக்சல்கூட 195-க்குத்தான் கொண்டுபோகும். மடியில் வைத்துப் புரட்டும் ஆல்பத்தில் இதை யாரும் பிரித்தறிய மாட்டார்கள்.

இனி மறுபக்கம். மிர்ரர்லெஸ் உண்மையிலேயே முன்னால் நிற்கும் இடம் ஃபோகஸ். டி750-இன் 51 ஃபோகஸ் புள்ளிகளும் சட்டத்தின் நடுவில் குவிந்திருக்கின்றன. மணப்பெண்ணின் முகத்தை ஓரமாக வைத்து எஃப்/1.8-இல் எடுக்க, நடுவில் ஃபோகஸ் பிடித்துக் கேமராவைத் திருப்புகிறீர்கள்; அந்தத் திருப்பத்தில் கூர்மை கண்ணிலிருந்து காதுக்கு நழுவிவிடும். மிர்ரர்லெஸ் சட்டத்தின் ஓரம்வரை கண்ணைத் தேடிப் பிடித்துத் தொடரும். மேலே நான் சொன்ன எஃப்/1.8 யோசனைக்கு இது ஓர் உண்மையான தடை, மறைக்க மாட்டேன். ஆனால் உங்கள் படங்கள் அப்படித்தான் கெட்டிருக்கின்றனவா? கடைசியாக எடுத்த சில கல்யாணங்களில் ஒதுக்கிய படங்களை நூறு சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். முகம் மங்கி, பின்னால் நிற்கும் மாமாவின் சட்டை பட்டன் கூர்மையாக இருந்தால் அது ஃபோகஸ் தவறு. எதுவுமே கூர்மை இல்லாமல் எல்லாம் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியது. தாலி கட்டும் கையும் அட்சதையும் மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. முகம் கூர்மையாக இருந்து புள்ளி மட்டும் இருந்தால் வெளிச்சக் குறை. நீங்கள் எழுதியிருப்பது இந்தக் கடைசி வகை. ஃபோகஸ் தவறு எப்போதும் முகத்துக்குப் பின்னாலேயே விழுகிறது என்றால் முதலில் டி750 மெனுவில் இருக்கும் ஏஎஃப் ஃபைன் டியூனில் அந்த லென்ஸைச் சரிசெய்யுங்கள். அதற்குச் செலவே இல்லை.

“மிர்ரர்லெஸ் இருக்கா என்று பார்ட்டியே கேட்கிறார்களே” என்பீர்கள். கேட்கிறார்கள்தான், கேமரா பெயர் சொல்லி அட்வான்ஸ் வாங்கும் போட்டியும் இருக்கிறது. அப்படிக் கேட்டு எத்தனை ஆர்டர் உண்மையில் கைநழுவியது என்று ஒரு சீசன் முழுக்கக் குறித்து வையுங்கள். நழுவிய வருமானம் தவணையைத் தாண்டினால் அது நியாயமான காரணம், வாங்கலாம். டிஎஸ்எல்ஆர் காலம் முடிந்துவிட்டது என்பதும் பொய்யில்லை. 2020-க்குப் பிறகு நிக்கானும் கேனனும் புது டிஎஸ்எல்ஆர் கொண்டுவரவில்லை. ஆனால் 1959 முதல் வந்த நிக்கான் எஃப் மவுன்ட் லென்ஸ்கள் பழைய விலைக்குத் தாராளமாகக் கிடைக்கும் காலமும் இதுவே. இருக்கிற சாமானை வைத்திருப்பவருக்கு இது நஷ்டமில்லை. ஒரே பாடியை நம்பிக் கல்யாணத்துக்குப் போவது ஆபத்து என்ற வாதத்தை மட்டும் நான் முழுக்க ஒப்புக்கொள்கிறேன். தாலி கட்டும் நிமிடத்தை மறுபடி நடத்தச் சொல்ல முடியாது. அதற்கு இன்னொரு பழைய டி750 வாங்கினாலே போதும். லென்ஸ், பேட்டரி, கார்டு எல்லாம் இரண்டுக்கும் பொது. வாங்கும் முன் ஷட்டர் எண்ணிக்கையையும், ஷட்டர் கோளாறுக்காக நிக்கான் சில வரிசை எண்களைத் திரும்ப அழைத்ததில் அது வருகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஷட்டருக்குச் சோதித்துச் சொன்ன ஆயுள் 1,50,000. கல்யாணத்துக்கு 2,000 படம் என்றால் எழுபத்தைந்து கல்யாணம். அதைத் தாண்டியும் ஓடும். போனால் ஷட்டரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

மிர்ரர்லெஸில் சத்தமில்லாத ஷட்டரை நம்பி மண்டபத்துக்குள் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும், எல்இடி திரைக்குத் தனி மினுக்கல் உண்டு. எலக்ட்ரானிக் ஷட்டர் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாக வாசிப்பதால் அந்த மினுக்கல் பட்டை பட்டையாகப் பதிந்துவிடும். வாங்கிய முதல் கல்யாணத்திலேயே அதிர்ந்துபோய் நிற்பவர்கள் உண்டு.

என் பதிலைப் புரட்டக்கூடிய இன்னொரு விஷயம் வீடியோ. டி750 1080-க்கு மேல் எடுக்காது, வீடியோவில் ஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும். கேண்டிட் வீடியோ கேட்டு வரும் ஆர்டர் உங்கள் வருமானத்தில் பாதியைத் தொட்டால் தயங்காமல் மாறுங்கள். அப்போதும் கடைக்காரர் சொல்லும் ஒன்றரை லட்சம் முழுக் கணக்கில்லை. 24-120 லென்ஸுக்கு எஃப்டிஇசட் அடாப்டர் வேண்டும். அந்த அடாப்டரில் மோட்டார் இல்லாததால் உங்கள் 50 எஃப்/1.8டி ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டியிருக்கும்; அதாவது கண்ணைப் பிடிக்கும் வசதிக்காக வாங்கும் பாடியில், இருட்டுக்கு வைத்திருக்கும் லென்ஸ் அந்த வசதியை இழந்துவிடும். அதற்கு ஒரு இசட் லென்ஸ், கூடுதல் பேட்டரிகள் என்று மேலே போகும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, தவணை மட்டும் மாதம் தவறாமல் வரும். அந்த இரண்டு மாதத் தவணையைச் சேலைப் படத்து வருமானம் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மாறுகிற நாளில் 24-120-ஐ விற்றுவிடாதீர்கள். அடாப்டரில் அது ஒழுங்காக வேலை செய்யும், டி750-உம் மாற்றுப் பாடியாக உங்களிடமே இருக்கட்டும்.