ஆண் நர்ஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம்

அன்புள்ள சகோதரிக்கு,

சங்கரன்கோவில் பக்கம் நர்ஸாக இருக்கிறீர்கள். வீரிருப்பில் 2020-இல் உலக அமைதிக் கோபுரம் திறந்த பிறகு புத்த பிக்குகளை அடிக்கடி பார்ப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். நெஞ்சுவலியோடு ஒரு பிக்கு வந்து, டூட்டியில் ஆண் நர்ஸ் இல்லையென்றால் நீங்கள் தொடலாமா என்பது உங்கள் கேள்வி.

தயங்காமல் தொடுங்கள். வந்த பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்தாக வேண்டும். ஆண் ஊழியரைத் தேடி ஆள் அனுப்பினால் அந்த நேரம் அதிலேயே போய்விடும்.

தேரவாத பிக்குகள் பெண்களைத் தொடுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் பிக்குகளின் ஒழுக்க விதியான விநயம் பெருங்குற்றமாகச் சொல்வது இச்சையோடு தொடுவதை. உயிர் காக்க ஈசிஜி லீடு ஒட்டும் கை அதில் சேராது. அதே விநய பிடகத்தின் மகாவக்கத்தில், வயிற்றுப்போக்கில் கவனிப்பாரின்றிக் கிடந்த பிக்குவைப் புத்தரே ஆனந்தரோடு சேர்ந்து கழுவிப் படுக்கையில் கிடத்துகிறார். நோயாளிக்குச் செய்வதைத் தனக்கே செய்த பணிவிடையாகக் கொள்கிறார். வீரிருப்பில் இருப்பதோ நிப்போன்சான் மியோஹோஜி என்ற ஜப்பானியப் பிரிவு. அங்கே தேரவாத நடைமுறையை அப்படியே எதிர்பார்க்க வேண்டியதில்லை.

மரியாதை காட்ட வழி இருக்கிறது. “சாமி, நெஞ்சுல ஈசிஜி ஒட்டணும், துணியக் கொஞ்சம் வெலக்கிக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கழற்றிய காவியைத் தரையிலோ கால்மாட்டிலோ போடாமல், மடித்துத் தலைமாட்டில் வையுங்கள்.

வலியை முகத்தில் காட்டாமல் இருக்கப் பழகிய பிக்குகளும் உண்டு. “பரவாயில்லை” என்பதை நம்பிவிடாதீர்கள். நெற்றியில் குளிர்ந்த வியர்வை, தாடையிலோ இடது கையிலோ இழுக்கும் வலி, காரணமில்லாத களைப்பு, இவற்றைக் கவனியுங்கள். மதியத்துக்குப் பிறகு உண்ணாத விரதம் மாத்திரைக்குப் பொருந்தாது. மருந்தை எந்நேரமும் ஏற்கலாம். சர்க்கரை நோயாளியா, கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மனம் மங்கிவிடுமோ என்று மார்ஃபினுக்குத் தயங்கினால், வலி குறைந்தால் இதயத்தின் சுமையும் குறையும் என்று சொல்லிப் பாருங்கள். முடிவு அவருடையது.

2023 ஜூனில் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரைகள் இருக்கின்றன: ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, குளோபிடோக்ரல் 75 மி.கி. நான்கு, அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. எட்டு. டாக்டர் சொன்னதும் கொடுத்துவிட்டு, 108-இல் திருநெல்வேலிக்கு அனுப்பும்போது கொடுத்த நேரத்தையும் முதல் ஈசிஜியையும் சீட்டோடு இணையுங்கள். துணைக்கு வந்த பிக்குவையும் வண்டியில் ஏற்றிவிடுங்கள். நோயாளியின் பழைய நோய்களைச் சொல்ல வேறு ஆள் இருக்காது.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்